புதுக் காது

‘தொட்டார்’ என்று மட்டும் விட்டால், பாடையில் தூசி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்த மாதிரி இருக்கும். ‘தொட்டு நிறுத்தினார்’ என்று போட்டால், ‘நிறுத்தினார்’ எங்கேயிருந்து வந்தது என்று மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் ஆலோசகர் பிடித்துக்கொள்வார். ‘கை வைத்தார்’ வேண்டாம், அடிக்கப் போனது போலாகிவிடும். சுமக்கிறவர்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் ஏன் நின்றார்கள் என்பது கேட்கிறவளுக்குப் புரிந்துவிட்டால் இந்தப் பக்கம் முடிந்தது. இன்றைக்காவது வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

அவள் கண்ணாடியைக் கழற்றி, இமைகளை விரல்களால் அழுத்திவிட்டுக்கொண்டாள். தாளில் இருப்பது என்ன கதை என்று அவளைத் தட்டிக் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு பக்கத்திலும் அழுகை வரும், சிரிப்பு வரும். இப்போதெல்லாம் வினைச்சொற்கள் மட்டும்தான் வந்தன. உப்பு விற்கிறவருக்கு உப்பு கரிக்குமா என்ன என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்வாள்.

பேட்டரிக் கடைக்கு மேலே மூன்று அறைகள் அவர்களுடையவை. முன்னறையில் இரண்டு மேஜைகள், ஒரு தண்ணீர்க் கேன், அதன் மேல் எப்போதும் கவிழ்த்து வைத்த ஒரே டம்ளர். உள்ளறை பாஸ்டருடையது. நடுவறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சுவராக ஆணியடித்து ஒலிப்பதிவு அறை ஆக்கியிருந்தார்கள். பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மெத்தைகளிலிருந்து யாரோ படுத்து எழுந்த வாசனை வரத் தொடங்கும்.

அவர்களுடைய பேச்சுக்கு எழுத்து வந்ததே சமீபத்தில்தான். அதைப் பேசுகிறவர்கள் எல்லோரையும் கூட்டி வந்தால் ஒரு பள்ளிக்கூட மைதானம் நிறையும், அவ்வளவே. அந்தப் பேச்சில் வேதத்தைக் கொண்டுவரப் பாஸ்டர் ஆரம்பித்த வேலையில் அவள் பத்துப் பதினோரு வருஷமாக இருந்தாள். அவள் மொழிபெயர்ப்பாள். முன்பு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தட்டச்சும் பதிவும் பார்த்துக்கொள்வார். மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் காற்புள்ளி வைப்பார் என்பதால் அவருக்குக் கமா அண்ணன் என்று பெயர்.

வேலையில் ஒரு நியதி உண்டு. மொழிபெயர்த்த பகுதியை, அந்தக் கதையை அதுவரை கேட்டேயிராத ஒருவருக்கு வாசிக்க வேண்டும். விளக்கக் கூடாது. கேட்டவர் அதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னதை, ஊரெல்லாம் பேசுகிற பெரிய மொழியில் மாற்றி, தொலைதூரத்தில் இருக்கும் ஆலோசகருக்கு அனுப்புவார்கள். இந்தப் பேச்சில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவர் சரி என்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும். கதை தெரிந்தவர்களிடம் வாசித்துப் பயனில்லை. அவர்கள் காதில் விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள், தெரிந்ததைச் சொல்வார்கள். ஒரு தடவை கமா அண்ணன் ஒரு வரியைத் தட்டச்சில் விட்டுவிட்டார். கேட்ட மூன்று பேரும் விட்டுப்போன வரியையும் சேர்த்து அழகாகச் சொன்னார்கள். பாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

கதை தெரியாத காதுக்கு ஆபீசில் ‘புதுக் காது’ என்று பெயர். ஆரம்பத்தில் நிறையக் காதுகள் இருந்தன. பிறகு பெரிய மொழியில் நடக்கும் ஆராதனைக்கு எல்லோரும் போகத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பள்ளியில் படித்ததை வீட்டில் சொன்னார்கள். சில காதுகள் செவிடாயின, சில மண்ணுக்குள் போயின. கடைசியில் மிஞ்சியது அவளுடைய அக்கா ஒருத்திதான். அக்காவுக்குப் பெரிய மொழி சரியாக வராது. லாண்டரியின் பின்கட்டில் நின்று இஸ்திரி போடுகிறவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஹோட்டல் துணிகள் மலை மாதிரி வரும் என்பதால் ஆராதனைக்கும் போனதில்லை.

“வீட்டுல வேலையைப் பத்தி மூச்சு விடாதீங்கம்மா,” என்று பாஸ்டர் ஆரம்பத்திலேயே அவளிடம் சொல்லிவைத்தார். அவளும் விடவில்லை. ஒரே வீட்டில், ஒரே அறையில், அடுத்தடுத்த கட்டில்களில் இருந்த இருவரில் ஒருத்தி பகலெல்லாம் என்ன செய்கிறாள் என்று மற்றவளுக்குத் தெரியாது. “என்னத்தையோ எழுதறா,” என்று அக்கா லாண்டரியில் சொல்லுவாளாம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“வாங்கம்மா, புதுக் காது வந்தாச்சு,” என்று கமா அண்ணன் விசிறியை நிறுத்தப் போனார்.

“காதுதான் புதுசு. முட்டி ரெண்டும் பழசு,” என்று அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “இந்தப் படியைக் கட்டினவன் யாருன்னு காட்டுங்க. நனைஞ்ச துணி மூட்டையைத் தலையில வெச்சு நாலு தடவை ஏறி இறங்கச் சொல்றேன்.”

“அவன் போய்ச் சேர்ந்துட்டான்மா. இந்தப் படியில ஏறித்தான்னு கேள்வி.”

“நல்லா வேணும்.”

அக்கா மேலெல்லாம் நீராவியும் கஞ்சியும் மணந்தன. நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். தங்கையைப் பார்த்து, “என்னடி, மூஞ்சி செத்துக் கிடக்கு. சாப்பிட்டியா?” என்றாள்.

“ஆச்சுக்கா. சின்னப் பகுதிதான். சீக்கிரம் போயிடலாம்.”

கமா அண்ணன் பொத்தானை அழுத்தி விரலை உயர்த்தினார். அவள் வாசித்தாள்.

ஊர் வாசலுக்கு வெளியே ஒரு கூட்டம் வருகிறது. இறந்தவன் ஒருவனைச் சுமந்து வருகிறார்கள். மூன்றாவது வாக்கியத்தில் அந்தத் தாய் வந்தாள். கணவன் இல்லாதவள். அவளுக்கு அவன் ஒரே மகன்.

அங்கேதான் வாசிக்கிறவளுக்கு உறைத்தது. வாய் வாசித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கும் ஒரே பிள்ளைதான். அத்தானும் இல்லை. பையன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பெரிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு அவளையே பார்த்தார். அக்காவும் அவளையே பார்த்தாள். அவள்தான் மாற்றிச் சொன்னாள். எந்த வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நிறுத்தியிருக்கலாம். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லித் தாளை மடித்திருக்கலாம். பதிவு ஓடும்போது நிறுத்தக் கூடாது என்று பழகிய வாய் நிற்கவில்லை. எதிரே வருகிற ஆண்டவர் அழாதே என்று அந்தத் தாயிடம் சொல்வதையும், பாடையைத் தொடுவதையும், சுமக்கிறவர்கள் நிற்பதையும், செத்தவன் எழுந்து உட்கார்ந்து பேசுவதையும், அவனைத் தாயிடம் கொடுப்பதையும் தெளிவாக, நிறுத்தி, திருத்தமாக வாசித்தது. நியதிப்படி இன்னொரு தடவையும் வாசித்தது.

அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நீங்க கேட்டதைச் சொல்லுங்கம்மா,” என்றார் கமா அண்ணன். அவருக்கும் புரிந்திருந்தது. அவர் அக்காவைப் பார்க்காமல் பதிவுக் கருவியைப் பார்த்தார்.

“ஒரு ஊரு,” என்றாள் அக்கா. “வாசல்கிட்ட கூட்டம் வருது. ஒரு பையன் செத்துட்டான். தூக்கிட்டு வராங்க. அம்மாக்காரி பின்னாலயோ பக்கத்துலயோ வரா. அவளுக்கு வேற யாரும் இல்ல. இந்தப் பக்கத்துலேர்ந்து அவரு வராரு. அவருக்கும் கூட ஆளுங்க இருக்காங்க. அவளைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கல. அழாதேன்னாரு. போய் அதைத் தொட்டாரு. தூக்கிட்டு வந்தவங்க நின்னுட்டாங்க.”

அப்புறம் பேசவில்லை. கீழே பேட்டரிக் கடையில் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்பவர் நின்றுவிட்டால் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். அதை அவள் கேட்டாள்.

“அப்புறம் என்ன ஆச்சுக்கா?”

“நின்னுட்டாங்க,” என்றாள் அக்கா. “அவ்வளவுதான்.”

எழுந்து தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “போறேன். பெட்ஷீட் வந்திருக்கும்.” படியில் இறங்குகிற சத்தம் நிதானமாகக் கேட்டது. கமா அண்ணன் பொத்தானை அழுத்திப் பதிவை நிறுத்தினார், விசிறியைப் போட மறந்துவிட்டார். இருவரும் வேர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்களாவது பார்த்திருக்கலாமேண்ணே,” என்றாள் அவள்.

“நான் கமாவைத்தான்மா பார்த்தேன்,” என்றார் அவர்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வெந்நீர் பேசினில் கால்களை வைத்திருந்தாள். நாளெல்லாம் நின்ற கால்களுக்கு அது தினமும் நடப்பதுதான். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, வெங்காயத்தை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள். அக்காதான் ஆரம்பித்தாள்.

“அந்தப் பையன் எழுந்து உக்காந்தான், இல்ல?”

கத்தி நின்றது. “ஆமாக்கா.”

“அப்போ நான் சரியாத்தான் கேட்டேன்.”

“சரியாத்தான் கேட்டே.”

“பேசினான்னும் வந்துச்சு.”

“ஆமா.”

“என்ன பேசினான்?”

“அது எழுதலைக்கா.”

“எழுதலையா?” அக்கா உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். “எத்தனை பேரு வந்தாங்க, எங்க நின்னாங்கன்னு இவ்வளவு எழுதினவங்க அதை எழுதக் கூடாதா? அவளுக்கு வேண்டியது அதுதானே.”

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை ஆலோசகர் கேட்டதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

“ஏன்க்கா அங்க சொல்லலை?”

“வாய் வரலை.” அக்கா காலை மாற்றி வைத்தாள். தண்ணீர் தளும்பித் தரையில் கொஞ்சம் சிந்தியது. “நின்னுட்டாங்கங்கற வரைக்கும் வந்துட்டேன். நம்ம பையனை வண்டியில ஏத்தினப்போ யாரும் நிறுத்தலையேன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. அங்கேயே நின்னுட்டேன். அதுக்கு மேல என் வாயால எப்படிடி சொல்றது? எழுந்தான்னு.”

அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

“அன்னிக்கு டாக்டர் சொன்னதையும் நீதான் சொன்னே,” என்றாள் அக்கா. குற்றம் சொல்கிற குரல் இல்லை. துணியில் எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று திருப்பிப் பார்க்கிறவளின் குரல். “இதே குரல்தான். இதே மாதிரி நிறுத்தி நிறுத்தி. இன்னிக்கு அதே குரல்ல இது வருது. நான் எதை எங்க வைக்கறது?”

“அது ரொம்பக் காலத்துக்கு முன்னாடி நடந்ததுக்கா.”

“இருக்கட்டும். உனக்கு இது எப்போலேர்ந்து தெரியும்?”

“வேலையில சேர்ந்ததுலேர்ந்து.”

“அப்போ அவன் படுத்திருக்கறப்பவே தெரியும்.”

“தெரியும்.”

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. நடக்கும், நடக்காது, அது வேற. ராத்திரி உக்காந்திருந்தப்போ சும்மா ஒரு கதையாவது சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லக் கூடாதுன்னு ஆபீஸ்ல…”

“எதுக்கு?”

“நீ புதுசாக் கேக்கணும்னு.”

அக்கா அவளையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நெஞ்சிலிருந்து வந்த சிரிப்பு இல்லை, மூக்கால் வந்தது. “நல்லா வெச்சிருந்தீங்கடி எல்லாருமாச் சேர்ந்து என் காதை. பெரிய மனுஷங்க சட்டையைத் தனியா மாட்டி, கவர் போட்டு வெப்போமே, அந்த மாதிரி.”

பையன் போனபோது துக்கம் விசாரிக்க வந்த பாஸ்டர் அவளுக்கு நினைவுக்கு வந்தார். அக்காவின் எதிரே உட்கார்ந்து, “ஒண்ணு சொல்றேன் கேளுங்கம்மா,” என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்தினார். அக்காவின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்தார். “தைரியமா இருங்க,” என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார். இந்தக் கதையைத்தான் சொல்ல வந்தார் என்று அப்போதே அவளுக்குத் தெரியும். அவர் நிறுத்தியது நல்லதாயிற்று என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பையன் போன வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருக்க, காது கெடவில்லை என்று நினைத்தாள். தான் இப்படித்தான் ஆகிவிட்டோமா, அல்லது முதலிலிருந்தே இப்படித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை யோசித்து முடிக்கவும் தெம்பில்லை.

“நாளைக்கும் வரணுமா?” என்றாள் அக்கா, துண்டால் பாதத்தைத் துடைத்தபடி.

“தெரியலைக்கா.”

“வரச் சொன்னா வரேன். என்னால உன் வேலை கெட வேண்டாம்.”

மறுநாள் காலையில் ஆலோசகர் கணினித் திரையில் வந்தார். வயதானவர், நல்ல மனிதர். அவர் பின்னால் ஜன்னலில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. உள்ளறையில் பாஸ்டரும் அவளும் ஒட்டி ஒட்டி உட்கார்ந்து, ஒரே காமிராவுக்குள் முகம் தெரியும்படி பார்த்துக்கொண்டார்கள்.

“மற்ற பகுதிகள் எல்லாம் சரி,” என்றார் ஆலோசகர். “இதில் ஒரு சிக்கல். கேட்டவர் நன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். ஆனால் முக்கியமான இடம் இல்லை. அவன் எழுந்தது அவருக்குப் புரிந்ததா, இல்லையா? அது புரியவில்லை என்றால் வாக்கியத்தில் ஏதோ கோளாறு.”

“அவர்களுக்குப் புரிந்தது,” என்றாள் அவள். “வீட்டில் என்னிடம் சொன்னார்கள்.”

“நீங்கள் மொழிபெயர்த்தவர். அவர் உங்கள் அக்கா. உங்களை நான் நம்புகிறேன். ஆனால் உங்கள் சொல்லை நான் எடுத்துக்கொள்ள முடியாது. உங்களுக்கே தெரியும்.”

அவளுக்குத் தெரியும். அவளே பிறருக்குச் சொல்லிக்கொடுத்த நியதி அது.

“பதிவில் வேண்டும். இன்னொரு தடவை வாசித்துவிட்டு, அந்தப் பையன் என்ன செய்தான் என்று நேராகக் கேளுங்கள். ஒரு வாக்கியம் வந்தால் போதும்.” திரையில் பூனை கீழே குதித்தது. அவர் அவர்களை ஆசீர்வதித்துவிட்டு மறைந்தார்.

பாஸ்டர் நாற்காலியைத் திருப்பி அவள் பக்கம் உட்கார்ந்தார். அவர் கண்களுக்குக் கீழே பைகள் தொங்கின. அச்சகம் இந்த வார முடிவுக்குள் எல்லாம் வேண்டும் என்று சொல்லியிருந்தது. தவறினால் அவர்களுடைய முறை போய்விடும். மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று அச்சகத்துக்கே தெரியாது.

“ஒரு வாக்கியம்மா,” என்றார். “எழுந்தான். ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டா நம்ம வேலை முடிஞ்சுது.”

“வேற காது தேடலாம் பாஸ்டர்.”

“எங்கேர்ந்து? நம்ம ஆளுங்கள்ல யாருக்கு இந்தக் கதை தெரியாது? நீங்களே சொல்லுங்க. பிறந்த குழந்தைகிட்டதான் வாசிக்கணும். அது திருப்பிச் சொல்லாது.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “எங்க மாமனார் படுக்கையில கிடக்கறாரு. தினமும், வந்துடுச்சா, வந்துடுச்சாங்கறாரு. இன்னும் எத்தனை பேரை நான் இது வரலைன்னு சொல்லிப் புதைக்கறது? உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். அந்தப் புத்தகம் கையில் வந்தால் எப்படிக் கனக்கும் என்றுகூட அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். முதல் பிரதியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு இந்த வேலையில் வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

“அக்கா வர மாட்டேன்னாங்களா?”

“வரேன்னுதான் சொன்னா.”

“அப்புறம் என்னம்மா?” பாஸ்டரின் முகம் தெளிந்தது. “அவங்களே வரேங்கறாங்க. நீங்க கேக்கக் கஷ்டமா இருந்தா கமா அண்ணன் கேக்கட்டும். நீங்க வெளியில இருங்க.”

முன்னறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

“நீ கேட்டா அவ சொல்லிடுவா,” என்று அவள் மனதுக்குள் யாரோ சொன்னார்கள். எழுந்தான் என்று சொல்லுவாள். தங்கையின் வேலை கெடக் கூடாது என்று பல்லைக் கடித்துச் சொல்லுவாள். சொல்லிவிட்டு லாண்டரிக்குப் போவாள். பெட்ஷீட் மடிப்பாள். சாயங்காலம் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டாள். அந்தப் பதிவை அவளே பெரிய மொழியில் மாற்றி எழுத வேண்டியிருக்கும். கூட்டாமல், குறைக்காமல்.

பாஸ்டர் மேஜையில் கிடந்த போனை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். “லாண்டரிக்கு ஒரு போன் போட்டு, மத்தியானம் வரச் சொல்லுங்க. அவ்வளவுதான்மா நான் கேக்கறது.”

அவள் போனைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரல்களால் அதை அவர் பக்கமே மெல்லத் தள்ளிவைத்தாள்.

“இல்ல பாஸ்டர்,” என்றாள். “அவளை நான் கூப்பிட மாட்டேன்.”